ஓஇடி ஸ்பீக்கிங்: 330-லிருந்து 370-க்கு வர எனக்கு ஆன செலவு

வெளிநாட்டு வேலைக்காக நர்ஸ், டாக்டர் போன்ற மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஓஇடி; லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நாலு பகுதி. அதை எழுதப் போகும் நர்ஸ்கள் ஸ்பீக்கிங் பற்றி யாரிடம் கேட்டாலும் கிடைக்கிற பதில், "நாலுலயும் அதுதாங்க ஈசி, ரைட்டிங்கை மட்டும் பாத்துக்கோங்க" என்பதுதான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ரைட்டிங் எனக்கு முதல் முறையே கிடைத்துவிட்டது. லிசனிங், ரீடிங்கிலும் பி வந்தது. ஸ்பீக்கிங்கில் 500-க்கு 330. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி கேட்பது ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங் மூன்றிலும் 350, அதாவது பி கிரேடு. ரைட்டிங்குக்கு மட்டும் 300 போதும். இருபது மார்க் குறைந்ததற்கு நான் கொடுத்த விலை ஏறக்குறைய ஒரு வருஷமும், கையில் இருந்த சேமிப்பு மொத்தமும். அந்தச் சமயத்தில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

பிளஸ் டூ வரை நான் தமிழ் மீடியம். பிஎஸ்சி நர்சிங் ஆங்கிலத்தில். அப்புறம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருஷம், பெரும்பாலும் சர்ஜிக்கல் வார்டு. கேஸ் ஷீட் எழுதுவேன், ரவுண்ட்ஸில் டாக்டர்கள் பேசுவது புரியும். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் நான் வாய் திறந்து பேசிய ஆங்கிலம் "எஸ் டாக்டர், ஓகே டாக்டர், பிபி 130 பை 80 டாக்டர்" என்பதைத் தாண்டியதில்லை. நோயாளியிடம் பேசுவதெல்லாம் தமிழில்தான். என்னைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நமக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஒருவரோடு உட்கார்ந்து பேசிய பழக்கம்தான் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் முதலில் டவுனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 7,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

அங்கே சுவர் முழுக்க டென்ஸ் அட்டவணை. தினமும் ஒருவர் எழுந்து நின்று தனக்குப் பிடித்த தலைவரைப் பற்றியோ தீபாவளியைப் பற்றியோ இரண்டு நிமிடம் பேச வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். கூச்சம் போனது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே பேசுகிறவரை யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. "புரியலை, திரும்பச் சொல்லுங்க" என்று ஒரு குரல்கூட வராது. நாம் பேசியதில் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளக்காத வகுப்பு அது. மூன்று மாதம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை எந்த இடத்திலும் காட்ட வேண்டி வரவில்லை.

அடுத்து, வேலையை விட்டுவிட்டு கொச்சிக்குப் போனேன். ஓஇடி பயிற்சிக்கு 28,000, ஹாஸ்டலும் சாப்பாடும் தனி. ரீடிங், லிசனிங் நன்றாகவே நடத்தினார்கள். ஸ்பீக்கிங்குக்கு ஒரு அச்சடித்த புத்தகம். வணக்கம் சொல்வதற்கு ஒரு வாக்கியம், அனுதாபம் காட்ட எட்டு வாக்கியம், முடிக்க ஒரு வாக்கியம். "ஐ கம்ப்ளீட்லி அன்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்" என்பதைக் காலையிலும் மாலையிலும் ஐம்பது பேர் சேர்ந்து ஒப்பிப்போம். பக்கத்துத் தெருவில் இருந்தவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் நோயாளியாக நடிப்பார். ஆனால் வரிசையில் ஐம்பது பேர். எனக்குக் கிடைத்தது ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம், கூடவே "குட், கொஞ்சம் ஸ்பீட் ஏத்துங்க" என்ற ஒரே குறிப்பு.

தேர்வு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 20 நிமிடம். முதலில் உங்கள் வேலை பற்றி லேசான பேச்சு, அதற்கு மார்க் இல்லை. பிறகு இரண்டு ரோல்பிளே. ஒவ்வொன்றுக்கும் சூழ்நிலையை எழுதிய ஓர் அட்டை தருவார்கள், படித்துப் பார்க்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். அவர் உங்களுக்கு மார்க் போடுபவர் அல்ல. இதை நான் தேர்வு முடிந்த பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். பேச்சு பதிவாகி வேறு இடத்துக்குப் போகிறது. முகம் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களாவது தனித்தனியே கேட்டு மார்க் போடுகிறார்கள். அதாவது நீங்கள் சிரித்தது, தலையை ஆட்டியது, கையைத் தொட்டது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நம் ஊர் நர்சுக்குப் பாதி அன்பு முகத்தில்தான் இருக்கும். அது பதிவில் வராது. "ஐ சீ", "தட் மஸ்ட் பி ஹார்ட்" என்று வாயால் சொன்னால்தான் உண்டு.

தேர்வில் வந்த அட்டையை வெளியே சொல்லக் கூடாது. அதனால் வீட்டில் பயிற்சிக்கு நானே எழுதி வைத்திருந்த ஓர் அட்டையை வைத்து விளக்குகிறேன். 58 வயது சர்க்கரை நோயாளி, மாத்திரையில் கட்டுப்படவில்லை, இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும், அவர் மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்று கேட்டறிய வேண்டும், விளக்க வேண்டும், சம்மதிக்க வைக்க முயல வேண்டும். இப்போது அவர், "என் அப்பாவும் இன்சுலின் போட்டுக்கொண்டவர்தான், கடைசியில் காலை எடுத்துவிட்டார்கள்" என்கிறார். புத்தகப் பயிற்சி பெற்ற நர்ஸ் உடனே, "ஐ கம்ப்ளீட்லி அன்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், டோன்ட் வொரி, நவ் லெட் மி எக்ஸ்பிளெயின் அபவுட் இன்சுலின்" என்று ஆரம்பித்து, இன்சுலின் எங்கே சுரக்கிறது என்பதிலிருந்து ஒரு நிமிடம் மூச்சு விடாமல் சொல்வார். இலக்கணம் சரி, வேகம் சரி. அந்த மனிதர் சொன்னது மட்டும் காற்றில் போய்விட்டது. முதல் தேர்வில் நான் பேசிய பேச்சு முழுக்க இந்த வகைதான். வெளியே வந்தபோது பிரமாதமாகச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். சென்னையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவிடம் போனில், "ஸ்பீக்கிங் கவலையில்லை" என்று வேறு சொன்னேன்.

முடிவு வந்த நாளில் அழுகையைவிடக் குழப்பம்தான் அதிகம். காரணம், முடிவுத் தாளில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த அளவுகோலில் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள். 330 என்றால் உச்சரிப்பா, இலக்கணமா, நோயாளியைக் கையாண்ட விதமா, தெரியாது. பயிற்சி மையத்தில் கேட்டதற்கு, "அட்வான்ஸ்டு பேட்ச் சேருங்க, பாதி ஃபீஸ்தான்" என்றார்கள். ஒரு ஏஜென்ட் இன்னும் மேலே போய், ஒன்றரை லட்சம் கொடுத்தால் பி கிரேடு கேரண்டி என்றார். இப்படி யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். முடிவை என்எம்சி நேரடியாகச் சரிபார்க்கும். மாட்டினால் பணம் போவதோடு நிற்காது, பதிவே போய்விடும்.

அதற்குப் பிறகுதான், ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். ஓஇடியின் இணையதளத்தில் ஸ்பீக்கிங்குக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்ற அளவுகோல் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. மாதிரி அட்டைகளும் அங்கேயே இருக்கின்றன. ஒன்பது தலைப்புகள். மொழிக்கு நான்கு: கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா, தடங்கலில்லாமல் வருகிறதா, இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ற சொல்லா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி. இவை ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை. மீதி ஐந்தும் நோயாளியோடு பேசும் திறமைக்கு: உறவை ஏற்படுத்துவது, அவர் பார்வையைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, தகவல் கேட்பது, தகவல் சொல்வது. இவை 0 முதல் 3 வரை. இந்த ஐந்தும் 2018 செப்டம்பரில் சேர்க்கப்பட்டவை. எனக்குக் கொடுத்த பயிற்சிப் புத்தகம் அதற்கு முந்தைய காலத்து மனநிலையில்தான் இருந்தது, புத்தகத்தின் மேலட்டையில் மட்டும் புது வருஷம் போட்டிருந்தார்கள். தகவல் சொல்வது என்ற தலைப்பின் கீழ் முதலில் இருப்பதே, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பதுதான். அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அட்டையில் இருப்பதை எல்லாம் சொல்லி முடிக்கவில்லை என்பதற்காக மார்க் குறையும் என்று அந்த அளவுகோலில் எங்கேயும் இல்லை. நானோ முடித்தே ஆக வேண்டும் என்று ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி பேசியிருந்தேன்.

நம்மை நாமே மதிப்பிடுவதற்குச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன், இதுதான் எனக்கு வேலை செய்தது. ஒரு ரோல்பிளேயைப் போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், அப்போது நாம் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் கேட்டு, இருவர் பேசியதையும் ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். ஐந்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆகும், எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை. எழுதிய தாளில் நோயாளி பேசியதை ஒரு நிறத்தில் அடிக்கோடிட்டபோது என் தாளில் கோடே இல்லை என்று சொல்லலாம். முக்கால்வாசிக்கு மேல் நான்தான். பிறகு நான் கேட்ட கேள்விகளை வட்டமிட்டேன். "டூ யூ ஹாவ் பெயின், வாமிட்டிங், ஃபீவர்?" என்று மூன்றை ஒரே மூச்சில் கேட்கும் வார்டு பழக்கம் எல்லா இடத்திலும் இருந்தது. நோயாளி "நோ" என்றால் எதற்கு "நோ"? திறந்த கேள்வியில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு மூன்று விநாடிதான், ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது அது ஒரு யுகம் போலத் தோன்றி நாமே வாயைத் திறந்துவிடுவோம். இதைப் பழகத்தான் அதிக நாள் ஆனது.

நோயாளியாக யாரை உட்கார வைப்பது? இன்னொரு நர்ஸ் வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெரியும், பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டுவாள். எனக்குக் கிடைத்தது அக்கா மகன், பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு அட்டையை அவன் கையில் கொடுத்து, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல் என்று மட்டும் சொன்னேன். ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்க அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் "அசெப்டிக் டெக்னிக்" (கிருமி ஒட்டாமல் செய்யும் முறை) என்றதும், "சித்தி, அப்படின்னா?" என்றான். ஆங்கிலத்திலேயே கேள் என்றேன். "வாட் இஸ் தட்?" அதற்கு எளிய ஆங்கிலத்தில் பதில் சொல்ல எனக்கு நாக்கு சுழலவே இல்லை. கஷ்டமான சொற்கள் எல்லாம் கைவசம் இருந்தன, எளிமையானவைதான் இல்லை. ஹைப்பர்டென்ஷன், எடீமா, அம்புலேட் என்று பாடப்புத்தகத்தில் வந்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதிரே ஹை பிளட் பிரஷர், ஸ்வெல்லிங், வாக்கிங் அரவுண்ட் என்று எழுதி வைத்தேன். இந்த நோட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது, அவரவர் வார்டை நினைத்து எழுதிக்கொள்வதுதான் நல்லது.

இன்னொன்று, நம் ஊர் மருத்துவமனை ஆங்கிலம். "லூஸ் மோஷன்", "மோஷன் போனீங்களா" என்பதெல்லாம் அங்கே ஒருவருக்கும் விளங்காது. "ஹாவ் யூ ஓபன்ட் யுவர் பவல்ஸ்" என்றுதான் கேட்பார்கள். "டூ ஒன் திங்", "சுகர் இருக்கா" மாதிரியானவையும் அப்படியே. இதைவிட முக்கியம், ஏவல். தமிழில் "படுங்கம்மா, கையை நீட்டுங்க" என்றால் அதில் மரியாதையும் இருக்கிறது, பிரியமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் "லை டவுன், கிவ் யுவர் ஹேண்ட்" என்றால் காவல் நிலையத்தில் பேசுவது போல இருக்கும். என் பதிவைக் கேட்டபோது எனக்கே திக்கென்றது, நானா இப்படி விரட்டுகிறேன் என்று. "குட் யூ", "வுட் யூ மைண்ட்", "இஸ் இட் ஓகே இஃப் ஐ" என்று தொடங்குவதை வாய்க்குப் பழக்க வேண்டும்.

உச்சரிப்பு விஷயத்தில் வெள்ளைக்காரர் மாதிரி பேச முயலாதீர்கள். அளவுகோலில் கேட்பது புரிகிறதா என்பதுதான். சோதிக்க ஒரு வழி: போனின் வாய்ஸ் டைப்பிங்கில் மொழியை இங்கிலீஷ் யுகே என்று மாற்றிவிட்டுப் பேசுங்கள். இங்கிலீஷ் இந்தியா என்று விட்டால் நம் பிழைகளை அது மன்னித்துவிடும். நான் மாத்திரை என்ற பொருளில் "பில்" என்றால் போன் அதைப் பணம் கட்டும் பில் என்று எழுதியது. பகரமும் டகரமும் தமிழில் இடத்துக்குத் தகுந்தபடி வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிப்பதால் நமக்கு இந்தத் தொல்லை. "எக்" என்பதற்கு "யெக்", "ஓல்டர்" என்பதற்கு "வோல்டர்" என்று முன்னால் ஓர் ஒலி தானாக ஒட்டிக்கொள்வதும் இருக்கிறது. எனக்கு அதிகம் பலன் தந்தது அழுத்தம். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வோம், அல்லது தவறான இடத்தில் அழுத்துவோம். "கேத்திட்டர்" என்பதில் முதல் அசை, "டயபீட்டீஸ்" என்பதில் "பீ", "அனஸ்தெட்டிக்" என்பதில் "தெ". நம் துறையில் அன்றாடம் வரும் சொற்கள் நூறு இருந்தால் அதிகம். அகராதியில் ஒலியைக் கேட்டு அந்த நூறையும் சரி செய்துகொண்டால் போதும். வேகத்தைக் குறைத்தேன். கொச்சியில் ஏற்றச் சொன்ன வேகம் அது.

இவ்வளவுக்கும் அடுத்த தேர்வில் 340 தான் வந்தது. ஒரே ஒரு படி. அன்றைக்குத்தான் உண்மையில் உடைந்து போனேன். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கேட்பவர்களிடம் எல்லாம் "இன்னும் ரிசல்ட் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் ரோல்பிளேயில் நிதானமாக இருந்துவிட்டு இரண்டாவதில் பழைய ஒப்பிப்புக்குத் திரும்பிவிட்டதாக என் நினைவு. பதற்றம் வந்தால் மனப்பாடம்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் பிறகு செய்த பயிற்சியில் எல்லாம் இரண்டு அட்டையைத் தொடர்ச்சியாக, நடுவில் தண்ணீர்கூடக் குடிக்காமல் செய்தேன். அப்புறம் எழுதியதில் 370.

ஆனால் அந்த முறை ரீடிங்கில் 340 ஆகிவிட்டது. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி காப்பாற்றியது. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களை என்எம்சி சேர்த்துப் பார்க்கும். 2023 பிப்ரவரிக்கு முன் இதற்கு ஆறு மாதம்தான் அவகாசம். இரண்டு தேர்விலும் நான்கு பாடத்தையும் எழுதியிருக்க வேண்டும். ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங் எதிலும் சி பிளஸுக்கு (300) கீழேயும், ரைட்டிங்கில் சிக்கு (200) கீழேயும் போகக் கூடாது. ஒரு பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம் என்று ஓஇடியில் வசதி இருக்கிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஸ்பீக்கிங் மட்டும் எழுதினால் என்எம்சிக்குச் செல்லாது. என் கூடப் படித்த ஒருத்திக்கு அப்படித்தான் பணம் போனது. பணம் கட்டும் முன் என்எம்சியின் பக்கத்தில் அன்றைய விதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியபோது தேர்வுக் கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், ஒவ்வொரு முறையும் 32,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. அதையும் இரண்டு வகுப்புகளையும் கொச்சி வாசத்தையும் சென்னைப் பயணங்களையும் வேலையை விட்டதில் போன சம்பளத்தையும் கூட்டினால் இரண்டு லட்சத்தை நெருங்குகிறது. பாதி என் சேமிப்பு, மீதி அம்மா நகையின் மேல் கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடன். இதில் உண்மையில் பலன் தந்தவை, இலவசமாகக் கிடைத்த அளவுகோலும் மாதிரி அட்டைகளும், ஏற்கெனவே கையில் இருந்த போனும், பரோட்டா வாங்கித் தருகிறேன் என்று உட்கார வைத்த அக்கா மகனும்தான். பயிற்சி மையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சேரும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: தனி ஆளாக எத்தனை முழு ரோல்பிளே தருவீர்கள், அந்தப் பதிவை ஒன்பது தலைப்பிலும் பிரித்து மார்க் போட்டுத் தருவீர்களா. மழுப்பினால் நடையைக் கட்டுங்கள். வேலையையும் விடாதீர்கள். வார்டில் இருந்துகொண்டே, தமிழில் பேசும் ஒவ்வொரு நோயாளியையும் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

இங்கிலாந்து வந்த பிறகு ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. நோயாளியிடம் பேசுவது பழகிவிடுகிறது, டாக்டருக்குப் போன் செய்வதுதான் வயிற்றைக் கலக்கும். முகம் தெரியாது, எதிர் முனையில் அவசரம். இங்கே எஸ்பார் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும் என்ற வரிசை. அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே நான் போனை எடுப்பேன், இன்றைக்கும். எண்கள் வரும்போது ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்று சொல்லாமல் ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோ என்று பிரித்துச் சொல்லுங்கள். டோஸ் என்றால் அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்டால் இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.